ஒரே பஸ், இரண்டு இதயங்கள்... நாற்காலியை விட்டு எழுந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

லண்டனின் சிவப்பு மாடி பஸ்ஸை நேரில் பார்க்காவிட்டாலும் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அந்த பஸ் ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். டிரைவர், ஷிஃப்ட் முடியும்வரை ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர், கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்குமாக ஏறி இறங்கி டிக்கெட் கொடுப்பார். ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை அவர் ஏறினார் என்பது கணக்கு.

ஒரே பஸ், ஒரே டிராஃபிக், ஒரே புகை. வாழ்ந்த சூழலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் டிரைவர்களே அதிகம்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டன் டாக்டர். சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் உடல்நலக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். 1953-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தவர்களுக்கும் சற்று வயதான பிறகே வந்தது. வந்ததும் உயிரைப் பறிப்பதும் குறைவாகவே இருந்தது.

"டிரைவர் வேலை டென்ஷன் பிடித்த வேலை. அதனால் வந்திருக்கும்" என்று அப்போதே சிலர் சொன்னார்கள். நியாயமான கேள்விதான். மோரிஸ் குழு அடுத்ததாகத் தபால் துறையைப் பார்த்தது. அங்கேயும் அதே கதை. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுபோன தபால்காரர்களைவிட, உட்கார்ந்து வேலை பார்த்த கிளார்க்குகளுக்கும் டெலிபோன் ஆபரேட்டர்களுக்கும் இதய நோய் அதிகம்.

இன்னொரு சந்தேகம் மோரிஸுக்கே இருந்தது. ஒருவேளை குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்கே வருகிறார்களோ? இதைத் தெரிந்துகொள்ள அவர் போன இடம் சுவாரஸ்யமானது. பஸ் கம்பெனியின் யூனிஃபார்ம் பதிவேடு! பேன்ட் தைத்த இடுப்பளவுகளை எடுத்துப் பார்த்தால், இளம் வயது டிரைவர்களுக்கே கண்டக்டர்களைவிட இடுப்பு பெரிதாக இருந்தது. ஆக, முழுப் பழியையும் ஸ்டியரிங் மீது போட முடியாது என்று அவரே 1956-ல் எழுதினார். தன் கண்டுபிடிப்பைத் தானே சந்தேகப்பட்ட அந்த நேர்மையால்தான், உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறைக்கே அவர் தந்தையாக மதிக்கப்படுகிறார். 2009-ல் இறந்தபோது அவருக்கு வயது 99.

சென்னைவாசிகளுக்கு இந்த இடத்தில் ஒரு சிரிப்பு வரலாம். நம்மூர் மாநகர பஸ்ஸில் பல நேரம் கண்டக்டர் தன் சீட்டில் உட்கார்ந்திருக்க, காசும் டிக்கெட்டும்தான் கைமாறிக் கைமாறி நடந்துபோகும்!

எல்லோரும் டிரைவர்கள்தான்!

இன்று நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்த பஸ்ஸின் டிரைவர் சீட்டில்தான் இருக்கிறோம். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை செய்பவரின் நாளை எண்ணிப் பாருங்கள். டிபன் சாப்பிட 15 நிமிடம் உட்கார்கிறார். ஆபீஸ் பஸ்ஸில் ஒரு மணி நேரம். கம்ப்யூட்டர் முன்னால் எட்டு, ஒன்பது மணி நேரம். மதியச் சாப்பாட்டையும் வேலை அதிகமிருந்தால் அதே மேஜையில் முடித்துவிடுகிறார். திரும்ப ஒரு மணி நேரம் பஸ். வீட்டுக்கு வந்ததும் சோபா, கையில் செல்போன். தூங்கும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நாளின் பெரும்பகுதி நாற்காலிக்கே போய்விடுகிறது.

ஐ.டி. மட்டுமில்லை. பேங்க் கவுன்ட்டர், தாலுகா ஆபீஸ், திருப்பூர் தையல் மிஷின், கால் டாக்ஸி, நீட் கோச்சிங் வகுப்பு, வீட்டிலிருந்தே வேலை என்று பட்டியல் நீளும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் நிலை இன்னும் மோசம். ஆபீஸ் போனால் பஸ் ஸ்டாப் வரைக்குமாவது நடப்பார்கள். இங்கே பெட்ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவே பத்து அடி.

'உட்கார்ந்தே இருந்தால் பசியும் குறைந்துவிடும். அதனால் சரியாகிவிடும்' என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதைப் பொய்யாக்கிய ஆய்வு நம் நாட்டில்தான் நடந்தது. 1950-களில் மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 பேரின் சாப்பாட்டையும் எடையையும் உழைப்பையும் ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து நிபுணரின் குழு ஒப்பிட்டது. மூட்டை தூக்குபவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால், நாளெல்லாம் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், லேசான வேலை செய்தவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் அதிகமாக இருந்தார்கள். உடம்பு ஓரளவுக்காவது அசைந்தால்தான் 'போதும்' என்று சொல்லும் புத்தி அதற்கு வேலை செய்கிறது போலிருக்கிறது.

பூட்டிய கதவும் இன்னொரு கதவும்

மதியம் சாதம், சாம்பார், பொரியல், ரசம், தயிர் என்று ஒரு முழுச் சாப்பாடு. அது செரித்துச் சர்க்கரையாக ரத்தத்தில் கலக்கிறது. அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அளவு உச்சத்துக்குப் போகும். இந்தச் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியவை தசைகள். தசையின் கதவைத் திறக்கும் சாவி, இன்சுலின்.

பிரச்னை எங்கே என்றால், உட்கார்ந்திருக்கும்போது உடம்பின் மிகப் பெரிய தசைகளான தொடையும் பிட்டமும் கெண்டைக்காலும் ஏறக்குறைய தூங்கிக்கொண்டிருக்கின்றன. தூங்குகிறவன் வீட்டுக்குப் பார்சல் வந்தால் என்ன ஆகும்? கணையம் மேலும் மேலும் இன்சுலினை அனுப்பிக் கதவைத் தட்டும். வருடக்கணக்கில் தட்டித் தட்டிச் சாவி தேய்ந்துபோகும்போதுதான் டாக்டர், "சுகர் பார்டர்ல இருக்கு" என்கிறார்.

ஆனால், தசைக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது, இன்சுலின் உதவி இல்லாமலேயே அது சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு நடக்கும் பத்து நிமிட நடைக்கு அவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான். ஓட வேண்டியதில்லை, வியர்க்க வேண்டியதுகூட இல்லை.

இந்தியாவில் இது சின்ன விஷயமில்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. வாசலில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப முடியும் என்பதைக் காட்டியதும் ஒரு சென்னை ஆய்வுதான். டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்தது. உணவை ஒழுங்குபடுத்தி, தினமும் நடக்கச் சொன்ன பிரிவில், நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட 28.5 சதவிகிதம் குறைந்தது. மாத்திரை கொடுத்த பிரிவிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 2006-ல் வெளிவந்த இந்த முடிவு, இன்னமும் நம் ஆபீஸ்களுக்குள் நுழையவில்லை என்பதுதான் வருத்தம்.

சர்க்கரையோடு ரத்த ஓட்டமும் இருக்கிறது. காலுக்குப் போன ரத்தம் இதயத்துக்குத் திரும்ப மேல்நோக்கி ஏற வேண்டும். அதைப் பம்ப் அடித்து அனுப்புவது கெண்டைக்கால் தசை. அதை 'இரண்டாவது இதயம்' என்றே டாக்டர்கள் சொல்வதுண்டு. நாம் உட்கார்ந்தால் அந்த பம்ப் நின்றுவிடுகிறது. சாயந்தரம் செருப்பு இறுக்கமாகத் தெரிவதன் காரணம் புரிகிறதா? அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் இளைஞர்கள் சிலரை மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார வைத்துப் பரிசோதித்தார்கள். ஒரு மணி நேரத்திலேயே கால் ரத்தக்குழாய் விரிந்து கொடுக்கும் திறன் குறைந்தது. மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மெதுவாக நடக்க வைத்த நாளில் அந்தக் குறைவு ஏற்படவில்லை.

டென்ஷன் எங்கே போய் உட்காருகிறது?

காலை பத்தரை மணி. 'உடனே கூப்பிடவும்' என்று மேலதிகாரியிடமிருந்து ஒரே வரியில் மெசேஜ் வருகிறது. படித்த நொடியில் இதயம் வேகமாகத் துடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, கார்ட்டிசால் ஏறுகிறது, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது. புலி துரத்தினால் ஓடுவதற்காக உடம்பு செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது. ஆதி மனிதன் ஓடினான், அந்தச் சர்க்கரை செலவானது. நாம் ஓடுவதில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு பதில் டைப் செய்கிறோம். ஓடுவதற்குத் தயாரான உடம்பு, ஓடாமலே ஒரு நாளில் நாலைந்து முறை தயாராகிறது.

டென்ஷனாக இருக்கும்போது சிலர் தன்னையறியாமல் எழுந்து குறுக்கும் நெடுக்கும் நடப்பார்கள். வீட்டில் தாத்தாவோ அப்பாவோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திண்ணைக்கும் வாசலுக்கும் நடந்ததைப் பார்த்திருக்கலாம். அது படபடப்பு மட்டுமில்லை, உடம்பு தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வைத்தியமும்கூட.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2016-ல் அமெரிக்காவின் கொலராடோவில், உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் 30 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கச் சொன்னார்கள். இன்னொரு நாள், காலையில் அரை மணி நேரம் மொத்தமாக நடந்துவிட்டு உட்காரச் சொன்னார்கள். மற்றொரு நாள், அதே அரை மணி நேரத்தைப் பிரித்து, மணிக்கு ஐந்து நிமிடமாக ஆறு முறை நடக்கச் சொன்னார்கள். நடந்த இரண்டு நாள்களிலும் சுறுசுறுப்பு கூடியது. ஆனால், பிரித்து நடந்த நாளில்தான் மனநிலை நன்றாக இருந்தது, சாயந்தரச் சோர்வு குறைந்தது, எதையாவது கொறிக்க வேண்டும் என்ற வேகமும் தணிந்தது. நாலு மணிக்கு வரும் பஜ்ஜி ஆசைக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது.

2023-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு இன்னும் நுணுக்கமாகப் போனது. எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தவர்களை வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு இடைவெளியில் நடக்க வைத்தார்கள். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை எகிறுவது 58 சதவிகிதம் குறைந்தது. மணிக்கு ஒரு நிமிடம் நடந்தாலே ரத்த அழுத்தம் 4, 5 புள்ளிகள் இறங்கியது. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் வெறும் 11 பேர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 58 என்ற எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால், அதற்கு முன்பு நடந்த பல சின்னச் சின்ன ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன.

"நான்தான் காலையில வாக்கிங் போறேனே!"

இப்படிக் கேட்பவர்கள் நிறைய. காலை நடை மிக நல்லது, அதை விடவே கூடாது. ஆனால், காலையில் நடந்துவிட்டதால் மீதி நாள் முழுக்க உட்காரலாம் என்று லைசென்ஸ் கிடைத்துவிடாது. பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தகவல்களைத் தொகுத்து 2016-ல் 'லான்செட்'டில் வந்த கட்டுரை ஒரு கணக்குச் சொன்னது. எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்பவர்களுக்கு வரும் கூடுதல் ஆபத்தை முழுதாக ஈடுகட்ட, தினமும் 60 முதல் 75 நிமிடம் வேக நடை போன்ற உடற்பயிற்சி வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கிளப்பி, சமையலை முடித்து, எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கும் பெண்ணிடம் போய் "தினமும் 75 நிமிடம் நடங்கள்" என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? அவருக்குச் சாத்தியமானது, நாளுக்குள்ளேயே துண்டு துண்டாக நடப்பதுதான்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பார்த்தும் மிரள வேண்டாம். அது ஆய்விலிருந்து வந்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறுவருடம், 1965-ல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயர் அது! 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று வைத்தார்கள். 2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழு வயதான பெண்களிடம் செய்த ஆய்வில், தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நின்றுகொண்டே இருந்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. உயரமான மேஜை வாங்கி நின்றபடி வேலை பார்ப்பது இப்போது ஒரு ஃபேஷன். வெறுமனே நிற்பதால் ஒரு மணி நேரத்தில் கூடுதலாகச் செலவாவது சுமார் 9 கலோரிதான். ஒரு இட்லியைக் கரைக்க அரை நாள் நிற்க வேண்டும்! நாளெல்லாம் நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, தி.நகர் ஜவுளிக்கடைகளில் புடவை எடுத்துப்போடும் பெண்களைக் கேட்டால் போதும். கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், இடுப்புவலி என்று அடுக்குவார்கள்.

கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜியும் அவருடைய தோழிகளும், கடைப் பெண்கள் உட்கார உரிமை கேட்டுப் பல வருடம் போராடிய பிறகு, 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, எல்லா ஊழியர்களுக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. ஒருபக்கம் உட்காரச் சட்டம் போட வேண்டியிருக்கிறது, இன்னொரு பக்கம் எழுந்திருக்கச் சொல்லிக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு இடத்திலும் பிரச்னை ஒன்றுதான். ஓர் ஊழியர் தன் உடம்பை எப்போது அசைக்கலாம் என்பதை அவர் முடிவு செய்வதில்லை.

"எங்கம்மா, சீட்ல காணோமேன்னு பார்த்தேன்?" 

"தண்ணி எடுக்கப் போனேன் சார்..."

இந்த இரண்டு வரி உரையாடல் பல ஆபீஸ்களில் தினமும் நடக்கிறது. சீட்டில் இருப்பதுதான் வேலை என்று நினைக்கும் டீம் லீடர் இருக்கும் இடத்தில், 'அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்' என்ற அறிவுரை கேலியாகத்தான் கேட்கும். எத்தனை நிமிடம் சீட்டில் இல்லை என்று கம்ப்யூட்டரே கணக்கெடுக்கும் கால் சென்டர்கள் இருக்கின்றன. பாத்ரூம் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காத பெண்களும் இருக்கிறார்கள். இங்கே மாற வேண்டியது ஊழியர் மட்டுமில்லை. மேலாளர் தானே முதலில் எழுந்து நடந்தால், மற்றவர்களுக்குப் பாதி அனுமதி கிடைத்தது போலத்தான். இரண்டு பேர் பேச வேண்டிய விஷயத்தை வராண்டாவில் நடந்தபடி பேசலாம். கூட்டங்களை 60 நிமிடத்துக்குப் பதில் 50 நிமிடத்தில் முடிக்கலாம். நடக்கும்போது புது யோசனைகள் அதிகம் வருகின்றன என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2014-ல் காட்டியதை, வேண்டுமானால் அவர்கள் மேஜையில் வைத்துவிடலாம்.

மேலதிகாரி மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்குச் சில வழிகள் இருக்கின்றன. போன் வந்தால் எழுந்துவிடுங்கள், பேசி முடிக்கும்வரை உட்காராதீர்கள். ஒரே ஒரு மாடிதான் என்றால் லிஃப்ட் வேண்டாம். பிரின்ட்டர், குப்பைத்தொட்டி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது வசதி இல்லை, அவை தள்ளியே இருக்கட்டும். மதியம் சாப்பிட்டதும் டப்பாவைக் கழுவிவிட்டு, கட்டடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு சீட்டுக்குப் போங்கள். ஒரு நாளில் ஒரே ஒரு முறைதான் நடக்க முடியும் என்றால், இந்த நேரத்தையே தேர்ந்தெடுங்கள். எழவே முடியாத வேலையா? உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். நடைக்கு ஈடில்லை என்றாலும் கெண்டைக்கால் பம்ப் அடிக்கும். பஸ், லாரி, டாக்ஸி ஓட்டுபவர்கள் டீக்கு நிறுத்தும்போது வண்டிக்குள்ளேயே டீயை வாங்கிக் குடிக்காமல், இறங்கி இரண்டு முறை வண்டியைச் சுற்றி வரலாம். டயரைப் பார்த்தது போலவும் இருக்கும்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் நடையைத் திடீரென்று அதிகப்படுத்தும்போது சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் பாரமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ, வழக்கமில்லாத மூச்சிரைப்போ வந்தால், அது பயிற்சி போதாததால் வருவது என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் படியை விட்டுவிட்டுச் சமதரையில் நடந்தாலே போதும்.

கடைசியாக, மேஜையில் இருக்கும் அந்த இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். காலையில் ஒருமுறை நிரப்பி வைத்துவிட்டால் சாயந்தரம் வரை எழ வேண்டியதில்லை என்பதற்காகவே பலர் அதை வாங்கியிருக்கிறார்கள். அதை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு டம்ளரை எடுத்துப் போங்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் எழுந்து போய்த்தான் ஆக வேண்டும். யாராவது கேட்டால், தண்ணீர் எடுக்கத்தான் போகிறீர்கள்.